அவரு கண்ணாடி

வரிச்சிக்குடி சிவநாதன் பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தார். கண்ணாடிக்குள் லேசரால் எழுதுவது அங்கே நடந்த வேலை. கண்ணிமைக்கும் நேரத்தைக் கோடி கோடியாகப் பிளந்தால் கிடைக்கும் துணுக்கில் ஒளி பாயும். மேலே கீறல் விழாது. உள்ளே அடுக்கடுக்காகப் புள்ளிகள். உள்ளங்கையளவு சில்லில் ஒரு நூலகமே அடங்கும் என்பார்கள். சில்லைத் துடைத்து லேசர் கருவியின் மேடையில் பொருத்துவது அவர் பங்கு.

மகள் கவியா ஆறு வயதில் மூளைக்காய்ச்சலில் இறந்தாள். சோதனைக்கு ஏதாவது பதிவு வேண்டும் என்றபோது, சிவநாதன் கைப்பேசியிலிருந்த அவள் குரலைக் கொடுத்தார். "அப்பா, எப்ப வருவ?" என்று தொடங்கும் பேச்சு. சோதனை முடிந்ததும் சில்லை அவருக்கே தந்துவிட்டார்கள். பிறகு கைப்பேசி பாழானது. குரல் கண்ணாடிக்குள் மட்டும் இருந்தது.

சிறுநீரகம் கெட்டு ஊருக்குத் திரும்பினார். படிக்கும் கருவி பெங்களூரில்தான். "உடம்பு தேறட்டும், போயி கேட்டுட்டு வருவோம்" என்று மனைவி சுகிர்தாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"டிவியில சொருவுனா பேசாதா?"

"தோசைக்கல்லுல போட்டாலும் அதுக்கு ஒண்ணும் ஆவாது. பேசத்தான் பேசாது."

வீட்டில் அதற்குப் பெயர் 'அவரு கண்ணாடி'. அவர் போட்டுக்கொள்வது மூக்குக்கண்ணாடி.

ஆடியில் ஆஸ்பத்திரியில் இறந்தார். பாடையைத் தூக்கும்போது சுகிர்தா கத்தினாள்.

"அவரு கண்ணாடிய வைங்க தம்பி! அது இல்லாம அவருக்கு ஒண்ணும் தெரியாதே!"

'மூக்கு' என்ற சொல் அன்று வாயில் வரவில்லை. கொழுந்தன் சிவசுப்பிரமணியன் உள்ளே ஓடி எடுத்துவந்து, அண்ணன் நெஞ்சுத் துணிக்குள் செருகினார்.

மறுநாள் பால் தெளித்து, சாம்பலைக் கடலில் கரைத்துவிட்டு ஆண்கள் திரும்பினார்கள்.

"அண்ணன் கண்ணாடி வேகவே இல்ல அண்ணி" என்றார் கொழுந்தன். "சாம்பல்ல புதுசாட்டம் கெடந்துச்சு."

"எந்தக் கண்ணாடி?"

"அதான், பெங்களூர்லேந்து கொண்டாந்தாரே."

சுகிர்தா ஆஸ்பத்திரிப் பையைத் திறந்தாள். துண்டுக்குள் மூக்குக்கண்ணாடி இருந்தது.

"அத என்ன பண்ணுனீங்க?"

"சுடுகாட்டுல கெடந்தத வீட்டுக்குக் கொண்டாரலாமா? பானையோட கடல்ல விட்டாச்சு." அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "நீங்கதான அண்ணி வைக்கச் சொன்னீங்க?"

"ஆமா."

"தண்ணியிலயும் அது அழியாதும்பாரு அண்ணன். அப்படியேதான் கெடக்கும்."

அவள் மூக்குக்கண்ணாடியைத் துண்டால் துடைத்தாள். எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மறுபடி துடைத்தாள்.