கன்னத்து மாத்திரை

அந்த மனநல மருத்துவமனையில் சவரம் செய்கிறவருக்கு ரேடியோ என்று பெயர். கத்தி கையில் இருக்கும்வரை வாய் ஓயாது. வாய்க்கொழுப்பு என்று நினைத்துவிட வேண்டாம், அது தொழில். பேச்சு நின்றால், என்ன ஆயிற்று என்று நாற்காலியில் இருப்பவர் தலையைத் திருப்புவார். திருப்பினால் கன்னம் போச்சு. அதனால் மழை, தக்காளி விலை, மச்சினன் ஏமாந்து வாங்கிய ஓட்டை வண்டி என்று எதையாவது அளந்துகொண்டே இருப்பார்.

மீசை அரும்பிய வயதில் வேலைக்குச் சேர்ந்தவர். அந்தக் காலத்தில் மனம் கலங்கியவர்களுக்கு வைத்தியம் என்றால் குளிர்ந்த தண்ணீர்த் தொட்டி. அடங்காதவர்களைச் சுவரில் இரும்பு வளையம் பதித்த அறையில் கட்டிப்போட்டார்கள். பிறகு கரண்ட் வைத்தியம் வந்தது, மயக்க மருந்துகூடக் கொடுக்காமல். துள்ளுகிற கால்களைப் பிடிக்க ஆள் குறைந்தால் ரேடியோவைக் கூப்பிடுவார்கள். பிடித்திருக்கிறார். அன்றைக்கெல்லாம் வீட்டில் சோறு இறங்காது.

மாத்திரை வந்த பிறகுதான் வளையங்களைக் கழற்றினார்கள். சிலர் மாத்திரையை விழுங்காமல் கன்னத்தில் ஒதுக்கிவைப்பார்கள். சவரத்துக்குக் கன்னத்தை இழுத்துப் பிடிக்கும்போது விரலில் தட்டுப்படும். உடனே நர்ஸிடம் சொல்லிவிட வேண்டும் என்று அவருக்கு உத்தரவு.

மகளைக் கட்டிக்கொடுத்த வருஷம் அவருக்கே குரல் கேட்க ஆரம்பித்தது. முதலில் குழாயடியில் யாரோ கூப்பிடுகிற மாதிரி. அப்புறம் காதுக்குள்ளேயே. ஒருநாள் வாத்தியாருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார். ஒரு காலத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்து, பல வருஷமாக வார்டிலேயே கிடப்பவர் அவர். கத்தி தொண்டைக்கு வந்த நேரத்தில் குரல் தெளிவாகச் சொன்னது: “அழுத்து.”

ரேடியோ பேச்சை நிறுத்திவிட்டார். எப்படியோ வேலையை முடித்துவிட்டு, கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு நின்றார். யாரிடம் சொல்வது? சொன்னால் பழையபடி தொட்டி, வளையம், கரண்ட் என்றே தோன்றியது. தன் காலை யார் பிடிப்பார்கள் என்றுகூட யோசித்தார். லீவு போட்டுவிடலாமா? வீட்டில் மனைவி இருக்கிறாள். காய் நறுக்கும் கத்தியும் இருக்கிறது.

“யாருக்குங்க பதில் சொல்றீங்க?” என்று அன்று ராத்திரி அவள் கேட்டாள்.

“பாட்டு முணுமுணுத்தேன்.”

“‘வாய மூடு, வாய மூடு’ன்னு ஒரு பாட்டா?”

அடுத்த முறை வாத்தியாரின் கன்னத்தில் மாத்திரை தட்டுப்பட்டது. ரேடியோ நர்ஸைக் கூப்பிடவில்லை. எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வீட்டுக்குப் போய், தண்ணீரை ஊற்றி விழுங்கினார். அதற்கடுத்த முறையும் இருந்தது. அப்புறம் ஒவ்வொரு தடவையும்; சிலதை அவசரத்துக்கென்று சேர்த்தும் வைத்தார். டாக்டர்கள் நிறைந்த கட்டடத்தில் எச்சில் மாத்திரை பொறுக்கித் தின்ற மனிதரை என்னவென்று திட்டுவது! பயம் வந்தால் புத்தி எங்கே நிற்கிறது?

ஒருநாள் குரல் கத்தித் தீர்த்தது. கையில் சேர்ந்திருந்ததை எல்லாம் ஒரே வாயில் போட்டுக்கொண்டார். மறுநாள் வேலையில், கழுத்து தானாக ஒரு பக்கம் திருகிக்கொண்டது. தாடை பூட்டிக்கொண்டது, கண் மேலே சொருகியது. கத்தி தரையில் விழுந்தது.

ஓடிவந்த டாக்டரம்மா சின்னப் பெண். பார்த்தவுடனே, “என்ன மாத்திரை போட்டீங்க?” என்றபடி ஊசி போட்டாள். கொஞ்ச நேரத்தில் கழுத்து நேரானது. வாய் திறந்ததும் ரேடியோ எல்லாவற்றையும் கொட்டிவிட்டார், அந்த ஒற்றைச் சொல் உட்பட. பிறகு அவள் காலைப் பிடிக்கப் போனார்.

“என்னைத் தொட்டியில மட்டும் போட்டுடாதீங்கம்மா.”

“எந்தத் தொட்டி?” என்றாள் அவள். அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை. “இங்கேயே தங்கி, நான் குடுக்கிறத மட்டும் சாப்பிடுங்க. வீட்டுல இருந்து தினம் வந்து பாக்கட்டும். குரல் அடங்குற வரைக்கும் கத்தி வேணாம்.”

வார்டில் அவருக்குக் கிடைத்த கட்டில் வாத்தியாருக்கு அடுத்தது. மத்தியானம் முழுக்க ரேடியோ சுவரையே பார்த்துப் படுத்திருந்தார். அந்த முகத்தை எப்படிப் பார்ப்பது?

“இப்பவும் கேக்குதா?” என்றார் வாத்தியார்.

ரேடியோ திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தார். “உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“என் கழுத்துல கத்தி வச்சிருக்கும்போது பேச்ச நிறுத்தினியே. யாரோ சொல்றதக் கேட்டுக்கிட்டு நின்னே. எனக்குத் தெரியாதாப்பா அது?”

“அப்போ அந்த மாத்திரை…”

“உனக்குத்தான் வச்சிருந்தேன். வெளியில சொன்னா உன்னத் தொட்டியில போடுவாங்களோன்னு பயம். நான் அதுல கிடந்தவன்.”

“என் கையில கத்தி இருந்துச்சே வாத்தியாரே! ஏன் வந்து வந்து உட்கார்ந்தீங்க? பயமா இல்லையா?”

“உசுரக் கையில பிடிச்சுக்கிட்டுத்தான் உட்கார்ந்தேன். கழுத்தக் காட்டாம மாத்திரைய எப்படிக் குடுக்கிறது?” என்று சொல்லிவிட்டு, வாத்தியார் போர்வையை இழுத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தார்.