கதிர்காமுவின் மூக்குக்கண்ணாடியும் கீழ்வீட்டுச் சீலிங்கும்

எங்கள் குளியலறையை மூன்று முறை உடைத்த மனிதரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். பெயர் கதிர்காமு, பருத்தித்துறைக்காரர். எண்பத்தாறில், ஷார்ஜா ரோலாவில், எங்கள் கட்டடத்தில் குழாய், ஃபியூஸ், பூட்டு எல்லாவற்றுக்கும் அவர் ஒருவர்தான். சோடாபுட்டிக் கண்ணாடி போட்டிருப்பார். சிரித்தால் மூன்று மாடிக்குக் கேட்கும்.

அந்த ஆகஸ்டில் எங்களுக்கு நேர் கீழே குடியிருந்த மதுரை ஜெயலட்சுமியின் சீலிங் சொட்ட ஆரம்பித்தது. "உங்க பாத்ரூம்தான் ஒழுகுது" என்று அந்த அம்மா பார்த்த பார்வையில் நான் குளிப்பதையே குறைத்துக்கொண்டேன். கதிர்காமு உடைத்தார், பூசினார், உடைத்தார், பூசினார், மறுபடியும் உடைத்தார், பூசினார். கடைசியில், ஒழுகும் வழி தெரியட்டும் என்று குளியலறைத் தரை முழுக்கச் சொட்டு நீலத்தைக் கரைத்து ஊற்றிவிட்டுப் போனார். மறுநாள் ஆபீசுக்கு நான் நீலப் பாதங்களோடு போனேன். கீழேயோ சொட்டியது நிறமே இல்லாத வெறும் தண்ணீர், துளி நீலம் இல்லை!

கட்டட மேனேஜர் சுஐபு கீழக்கரைக்காரர், கறார் ஆசாமி. "வியாழக்கிழமை வருவேன். ஈரம் இருந்துச்சுன்னா உன் விசா கேன்சல்" என்று கதிர்காமுவிடம் சொல்லிவிட்டார். அவர் ஊரில் சண்டை நடந்துகொண்டிருந்தது. திரும்பிப் போக கதிர்காமுவுக்கு இடமில்லை.

வியாழக்கிழமை வந்தது. கீழ்வீட்டு ஜன்னல்களையெல்லாம் ஜெயலட்சுமி வழக்கம்போலத் திறந்து வைத்திருந்தார். ஏசி ஒத்துக்கொள்ளாது, காற்று வர வேண்டும் என்பார். உள்ளே நுழைந்த சுஐபுவின் வழுக்கைத் தலையில் சரியாக ஒரு சொட்டு விழுந்தது.

அந்த நேரம் பார்த்து எங்கள் வீட்டிலிருந்து ஓடி வந்த கதிர்காமு, கண் தெரியாமல் மேனேஜர் மேலேயே மோதினார். கண்ணாடி முழுக்க வெள்ளையாகப் புகைந்திருந்தது. துடைக்கக் கையைக் கொண்டுபோனவர் அப்படியே நின்றுவிட்டார்.

"என்ர கண்ணாடிக்கு வேர்க்குது எண்டால் சீலிங்குக்கு வேர்க்காதோ? ஐயா, இது ஒழுகேல்லை! வேர்க்குது!"

மேனேஜரைக் கையோடு மேலே இழுத்து வந்து, இருபத்துநாலு மணி நேரமும் ஓடும் என் ஏசிக்கு முன்னால் உட்காரவைத்து டீ கொடுத்தார். பிறகு கீழே கூட்டிப்போனார். ஜெயலட்சுமியின் வாசலிலேயே சுஐபுவின் கூலிங் கிளாசும் புகைந்தது.

"இந்தத் தம்பி மேல தரையைக் குளிராக்கிறார். அக்கா கீழ கடல் காத்தை உள்ள விடுறா. ஈரக் காத்துக் குளிரில பட்டால் தண்ணிதானே? ரெண்டு நாள் தாங்கோ, ஐயா."

நான் ஏசியைக் குறைத்தேன். ஜெயலட்சுமி முனகிக்கொண்டே ஜன்னல்களைச் சாத்தி, தன் ஏசியைப் போட்டார். சனிக்கிழமை சுஐபு ஏணியில் ஏறி உள்ளங்கையால் சீலிங்கைத் தடவிப் பார்த்தார். காய்ந்து கிடந்தது.

"கலாஸ், முடிஞ்சுச்சு. இரு, வேலையைப் பாரு" என்றார்.

கதிர்காமு அழுதார். பிறகு ஏணியில் ஏறிச் சீலிங்குக்கு ஒரு முத்தம் கொடுத்தார். உதடெல்லாம் சுண்ணாம்பு. சிரித்துச் சிரித்து எனக்கு மூச்சு முட்டியது.

"பாயசம் வெச்சிருக்கேன், எல்லாரும் உக்காருங்க. கொஞ்சம் காத்து வரட்டும்" என்று ஜெயலட்சுமி ஜன்னல் கொக்கியில் கை வைத்தார்.

மேனேஜர் உட்பட மூன்று பேரும் ஒரே குரலில் கத்தினோம்: "திறக்காதீங்க!"