இஞ்சினை நிறுத்திய வளைவு

அஞ்செட்டியில் போய் திம்மராயன் வீடு எது என்று கேட்டால் நாலு திம்மராயனைச் சொல்வார்கள். புல்லட் திம்மராயன் என்று கேட்டால் ஒரே வீட்டைத்தான் காட்டுவார்கள்.

ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில், தகட்டை அச்சில் அழுத்தும் பிரஸ் ஷாப்பில் அவனுக்கு வேலை. வாரம் முழுக்க அங்கேயே ஓர் அறையில் மூன்று பேரோடு தங்கிக்கொண்டு, சனிக்கிழமை முதல் ஷிப்ட் முடிந்ததும் ஊருக்குப் புறப்படுவான். அவன் தேன்கனிக்கோட்டை போய்ச் சேருவதற்குள் அஞ்செட்டிக்குக் கடைசி பஸ் போயிருக்கும். இரண்டு வருஷம் இப்படியே பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் படுத்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடு சேர்ந்து, சாயங்காலமே திரும்பினான். பிறகு ஒரு நாள் போலீஸ் ஏலத்தில் விட்ட பழைய புல்லட்டோடு வந்து வாசலில் நின்றான். வண்டியின் எடை நூற்று அறுபது கிலோவுக்குக் குறையாது. அவன் எடை ஐம்பத்திரண்டு.

"வண்டிய நீ ஓட்டுவியா, வண்டி உன்ன ஓட்டுமா?" என்று கேட்டாள் மனைவி முனிலட்சுமி.

தேன்கனிக்கோட்டையைத் தாண்டினால் அஞ்செட்டி வரைக்கும் காடு. கடைசிப் பாதி மலையிறக்கம். அந்தப் பாதையில் மோட்டாரில் போகிற எல்லோருக்கும் ஒரு பழக்கம் இருந்தது. காட்டுக்குள் நுழைந்தால் ஊர் தெரிகிற வரை இஞ்சினை நிறுத்தக் கூடாது. சத்தம் இருக்கும் வரை யானை ஒதுங்கி நிற்கும், சத்தம் நின்றால் இறங்கி வரும் என்பார்கள். லாரிக்காரர்கள் பஞ்சர் ஒட்டும்போதுகூட இஞ்சினை ஓடவிட்டுத்தான் ஒட்டுவார்கள். யார் எப்போது சொல்லி வைத்தது என்று யாருக்கும் தெரியாது. யாரும் மீறிப் பார்த்ததும் இல்லை.

1984ஆம் வருஷம் அந்தப் பழக்கம் சென்னப்பனின் ஒரு காலை வாங்கிக்கொண்டது.

சென்னப்பன் முனிலட்சுமியின் அண்ணன். அதே தொழிற்சாலையில் கேஷுவலாக, தினக்கூலிக்கு இருந்தான். ஒரு சனிக்கிழமை இருவரும் வரும்போது மூன்றாவது வளைவில் மணல் சறுக்கி வண்டி சாய்ந்தது. இரண்டு பேருக்கும் சிராய்ப்புதான். வண்டி கிடந்தபடியே உறுமிக்கொண்டிருந்தது, பின்சக்கரம் காற்றில் சுற்றிக்கொண்டிருந்தது. சாவியைத் திருப்பி நிறுத்த இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. காட்டுக்குள் இஞ்சினை நிறுத்துவது என்ற நினைப்பே அவர்களுக்குக் கிடையாது. சென்னப்பன் கை கொடுக்க முன்னால் போய் நின்றான். திம்மராயன் குனிந்து, ஹேண்டிலை இரண்டு கையாலும் பிடித்து, முதுகால் எக்கி இழுத்தான். இழுத்த இழுப்பில் ஆக்சிலேட்டர் முறுக்கிக்கொண்டது. சக்கரம் தரையைத் தொட்டதும் வண்டி பாய்ந்தது. சென்னப்பன் அதன் அடியில் இருந்தான்.

உடைந்த இடது கால் ஓர் அங்குலம் குட்டையாகக் கூடியது. நொண்டுகிற கேஷுவலைத் தொழிற்சாலை திரும்ப எடுக்கவில்லை. சென்னப்பன் அஞ்செட்டியிலேயே சைக்கிள் கடை போட்டான். டியூபும் டயரும் வாங்க மாசத்துக்கு இரண்டு சனிக்கிழமை ஓசூருக்கு வருவான். திரும்பும்போது அதே புல்லட்டின் பின்சீட்டில்தான் உட்காருவான். வீட்டுக்கு வந்ததும் தங்கையைப் பார்த்துச் சத்தமாகச் சொல்வான்:

"முனி, என் கால ஒடிச்சவன் வந்துட்டான். களி போடு."

அவன் சிரித்தபடிதான் சொல்வான். திம்மராயன் ஒரு தடவைகூடச் சிரித்ததில்லை.

அந்த வருஷம் முதல் அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்குப் பின்னால் கேழ்வரகுத் தாளைப் பரப்பி, புல்லட்டை அதன்மேல் படுக்கவைத்துத் தூக்கிப் பார்த்தான். முதல் வாரம் இடுப்பு பிடித்துக்கொண்டு இரண்டு நாள் எழவில்லை. பிறகுதான் பிரஸ் ஷாப் ஞாபகம் வந்தது. அங்கே கனமான அச்சுகளைத் தூக்குகிறவர்கள் யாரும் குனிந்து தூக்க மாட்டார்கள். உட்கார்ந்து, முதுகை நேராக வைத்து, தொடையால் எழுவார்கள். அப்படியானால் வண்டியைப் பார்த்து நிற்பதே தப்பு. வண்டிக்கு முதுகைக் காட்ட வேண்டும். சீட்டின் விளிம்பில் பின்புறத்தை அழுத்தி உட்கார்ந்து, விழுந்த பக்கமாகவே ஹேண்டிலை முழுக்கத் திருப்பி, கீழே கிடக்கும் பிடியை ஒரு கையாலும், சீட்டுக்கு அடியில் இருக்கும் கம்பியை மறு கையாலும் பிடித்து, பின்பக்கமாகச் சின்னச் சின்ன அடி வைத்தால் அத்தனை பெரிய வண்டியும் எழுந்து வந்தது. அதற்கு முன் சாவியை நிறுத்தி, பெட்ரோல் குழாயை மூட வேண்டும். உருளாமல் இருக்க கியரில் போட வேண்டும். வலது பக்கம் விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டை முன்பே இழுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் எழுந்த வண்டி அந்தப் பக்கம் போய் விழும்.

"புல்லட்டுக்குப் பிரசவம் பாக்கறான்" என்று பக்கத்து வீட்டு மாரம்மா சொன்னாள். ஊர் முழுக்கச் சிரித்தது. அவன் மூன்று வருஷம் நிறுத்தவில்லை.

1987 ஐப்பசி. அந்த மாதம் ஒற்றைக் கொம்பன் யானை ஒன்று மலையிறக்கத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. மாடு மேய்க்கப் போன ஒருவரைப் பத்து நாளுக்கு முன்புதான் பிணமாகத் தூக்கி வந்திருந்தார்கள். சனிக்கிழமை, மழை விட்ட சாயங்காலம், திம்மராயனும் சென்னப்பனும் இறக்கத்தில் வந்துகொண்டிருந்தார்கள். இரண்டாவது வளைவில் மூங்கில் ஒடிந்து ரோட்டில் கிடந்தது. சற்றுத் தள்ளிச் சாணம்.

"சாணத்துல இன்னும் ஆவி வருதுடா மச்சான்" என்றான் சென்னப்பன்.

மூன்றாவது வளைவில் மழைத்தண்ணீர் சரளையை அடித்துக்கொண்டு வந்து ரோட்டில் போட்டிருந்தது. முன்சக்கரம் வழுக்கியது. வண்டி வலது பக்கமாகச் சாய்ந்து, சற்றுத் தூரம் இழுத்துக்கொண்டு போய் நின்றது. திம்மராயன் தூக்கி எறியப்பட்டு விழுந்தான். எழுந்து பார்த்தபோது வண்டி உறுமிக்கொண்டு கிடந்தது. சென்னப்பன் அதன் பக்கத்தில் முழங்கையை ஊன்றிப் படுத்திருந்தான்.

"கால எடுக்க முடியல மச்சான்."

"எந்தக் காலு?"

"நல்ல காலு."

கிராஷ் கார்டு கம்பி தரையில் முட்டி நின்றதால் எலும்பு நசுங்கவில்லை. ஆனால் முழங்காலுக்குக் கீழே வண்டி முழுவதும் அதன்மேல் இருந்தது. கொஞ்சம் தூக்கி, கை நழுவி மறுபடி விழவிட்டால் அந்தக் காலும் போயிற்று.

திம்மராயன் சாவியிடம் கை கொண்டுபோனான்.

"தொடாத!" சென்னப்பன் கத்தினான். "சத்தம் நின்னா இறங்கிடும்டா!"

"சத்தத்தோட தூக்குனா என்ன ஆகும்னு உனக்குத் தெரியாதா?"

திம்மராயன் சாவியைத் திருப்பினான்.

அந்தக் காட்டில் முதல் முறையாக அவன் காட்டைக் கேட்டான். ஓடையில் தண்ணீர் ஓடியது. சூடான சைலன்சர் சொட்டுத் தண்ணீர் பட்டுச் சீறியது. பிறகு மேட்டுப் பக்கம் மூங்கில் ஒன்று படக்கென்று ஒடிந்தது.

பெட்ரோல் குழாயை மூடினான். வண்டி கியரில்தான் இருந்தது. ஸ்டாண்டை இழுத்துவிட்டான். கால் ஊன்றப்போகிற இடத்துச் சரளையைச் செருப்பால் ஒதுக்கினான். அதற்கே ஒரு யுகம் ஆனதுபோல் இருந்தது. கடைசியில் வண்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். தாளைப் பரப்பிப் பழகியபோது இதை மட்டும் அவன் யோசித்துப் பார்த்ததில்லை. இப்படித் தூக்குகிறவனுக்கு முன்னால் பள்ளத்தாக்குதான் தெரியும். மேடு அவன் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

"நீ பாத்துக்க" என்றான். "எங்க இருக்குது?"

சென்னப்பன் தலையைத் தரையோடு சாய்த்தான். நின்று பார்த்தால் மூங்கில் இலை மட்டும்தான். படுத்துப் பார்த்தால் பின்சக்கரத்துக்கு அப்பால் புதரின் அடி திறந்து தெரியும்.

"தெரியுது. தூரமாத்தான் நிக்குது."

திம்மராயன் மூச்சை இழுத்துத் தொடையால் அழுத்தினான். வண்டி அசைந்தது. ஓர் அடி பின்னால். இன்னொரு அடி. குதிகால் வழுக்கி மறுபடி பிடித்தது.

"எங்க?"

"அங்கயேதான். நீ மெதுவா தூக்கு. எனக்கு மிச்சம் இருக்கறது இந்த ஒரு காலு."

மூன்றாவது அடி. பின்னால் எதுவோ மூச்சு விட்டது. காற்றாக இருக்கலாம்.

"சென்னா..."

"தூரமாத்தான்டா இருக்குது. திரும்பாத. இன்னும் ஒரு சாண் தூக்கு."

குரல் களி கேட்கிறபோது இருப்பதுபோலவே இருந்தது. அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு திம்மராயன் நாலாவது அடி வைத்தான். ஏதோ உராயும் சத்தம் கேட்டது. "எடுத்துட்டேன்" என்றான் சென்னப்பன். இன்னும் இரண்டு அடியில் வண்டி நிமிர்ந்து ஸ்டாண்டில் சாய்ந்தது.

திம்மராயன் திரும்பினான். எதிரே மூங்கில் இலைகள் சுவர்போல நின்றன. காற்றே இல்லை. ஒரே ஒரு கிளை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

கிக்கர் மேல் அவன் காலை வைத்ததும் சென்னப்பன் அவன் சட்டையைப் பிடித்தான். இப்போது அந்தக் குரல் மாறியிருந்தது. "உதைக்காத. இப்ப சத்தம் கேட்டா மிரண்டுடும். நியூட்ரல் பண்ணு. அப்படியே உருட்டிட்டுப் போ."

இறக்கம்தான். விளக்குப் போடாமல், இஞ்சின் இல்லாமல், டயர் சரளையில் அரைபடும் சத்தம் மட்டும் கேட்க, ஊர் விளக்கு தெரிகிற வரை உருண்டு வந்தார்கள். வீட்டு வாசலில் நின்ற பிறகும் சென்னப்பனின் விரல்கள் சட்டையை விடவில்லை. முனிலட்சுமிதான் ஒவ்வொன்றாகப் பிரித்தாள். அன்று அவன் களி கேட்கவில்லை. சைலன்சர் சுட்ட இடத்துக்கு எண்ணெய் மட்டும் கேட்டான்.

மறுநாள் வெயில் ஏறிய பிறகு திம்மராயன் அந்த வளைவுக்குப் போனான். சாலையில் ஆயில் சிந்திய கறை இருந்தது. மூங்கிலுக்கு அடியில் ஈரமண் மிதிபட்டுக் குழம்பிக் கிடந்தது. முறம் அகலத்தில் தடங்கள், ஒன்றின்மேல் ஒன்றாக. ஒரே இடத்தில் வெகுநேரம் நின்று கால் மாற்றிய தடங்கள். அங்கிருந்து ஆயில் கறை வரை காலால் அளந்தான். ஏழடி இருந்தது.

பிறகு சாலை ஓரத்திலேயே இன்னொரு தடத்தைப் பார்த்தான். சென்னப்பனின் வலது காலிலிருந்து கழன்ற ரப்பர் செருப்பு அதன் நடுவில், மண்ணோடு மண்ணாக அழுந்தியிருந்தது. அவர்கள் உருண்டு போன பிறகு யானை சாலைக்கு வந்திருக்கிறது.

செருப்பைத் தோண்டி எடுத்துக்கொண்டு நேரே சைக்கிள் கடைக்குப் போனான். சென்னப்பன் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அழுத்திக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தான்.

"தூரமா நிக்குதுன்னு சொன்னியே. ஏழடி இருக்குது."

"ஏழா?" சென்னப்பன் நிமிரவில்லை. "படுத்திருந்தவனுக்கு அஞ்சுன்னு தெரிஞ்சுது."

"ஏன் சொல்லல?"

"கிட்டன்னு சொல்லியிருந்தா நீ வெடுக்குனு இழுத்திருப்ப மச்சான். வெடுக்குனு இழுத்தா என்ன ஆகும்னு எனக்கு இந்தக் காலு சொல்லியிருக்குது."

இடது காலைத் தட்டிக் காட்டினான். குமிழி வந்த இடத்தில் பென்சிலால் வட்டம் போட்டான். திம்மராயன் நீட்டிய செருப்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கடைக்கு வெளியே கண்ணில் படாத இடமாகப் பார்த்து எறிந்தான்.

"சனிக்கிழமை டயர் எடுக்கணும்" என்றான். "ஷிப்ட் முடிஞ்சதும் கம்பெனி கேட்டுல நில்லு. வேற பஸ் ஏது நமக்கு?"