இரண்டாவது வரிசையில் ஒரு மஞ்சப்பை

நேற்று மத்தியானம் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தபோது மகளிடமிருந்து செய்தி வந்தது. சென்னையில் வேலை பார்க்கிறவள், தோழிகளோடு நாலு நாள் சிங்கப்பூர் போயிருக்கிறாள். "அப்பா, நாளைக்குச் சாயங்காலம் ஃப்ரீ. மூணு ஷோ இருக்கு. எதுக்குப் போறதுன்னு தெரியல. நீங்கதான் போயிருக்கீங்கள்ல, சொல்லுங்க" என்று கேட்டு மூன்று படங்களும் அனுப்பியிருந்தாள். ஒன்றில் பாட்டுக் கச்சேரி. ஒன்றில் ஆட்கள் கயிற்றில் தொங்கினார்கள். மூன்றாவதில் இருப்பது பொம்மையா மனிதரா என்று கண்ணாடி போட்டுப் பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை.

நான் போனது ஒரே ஒரு தடவை. அதுவும் ஆறு நாள். பதினைந்து வருஷம் இருக்கும். ஆனால் அந்த ஆறு நாளை வைத்து என் வீட்டில் எத்தனை வருஷம் பீற்றிக்கொண்டிருக்கிறேன் என்றால், மகள் என்னை அந்த ஊருக்கே நாட்டாமை என்று நினைத்துவிட்டாள். தப்பு என்மேல்தான்.

போன கதையைச் சொன்னால் சிரிப்பீர்கள். அறந்தாங்கியில் எனக்கு மோட்டார் பம்ப்செட் கடை. அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. கண்மாய் எல்லாம் காய்ந்து, போர் போடாத ஆளே இல்லை. மோட்டார் எக்கச்சக்கமாக விற்றது. கம்பெனிக்காரன் குளிர்ந்துபோய், நிறைய விற்ற டீலர்களை எல்லாம் ஒரு விமானத்தில் ஏற்றிவிட்டான். ஊர் வயிறு காய்ந்த வருஷத்தில் நான் ஆகாயத்தில் பறந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து நாளும் ஆட்டு மந்தை மாதிரி பஸ்ஸில் ஏற்றி இறக்கினார்கள். கடைசி நாள் சாயங்காலம் மட்டும் எங்கள் இஷ்டம். கைடு பையன் ஆளுக்கொரு தாள் கொடுத்தான். அதில் நாலு நிகழ்ச்சி. ஹோட்டலிலேயே சாப்பாட்டோடு நடனம், ஆற்றங்கரைப் பக்கம் பெரிய அரங்கில் வெள்ளைக்காரர் வாத்தியக் கச்சேரி, தமிழ்ப் பாட்டு மெல்லிசை, சீனத்து வித்தைக்காரர்கள். என் அறையில் தங்கியிருந்த கறம்பக்குடி டீலர் தாளைப் பார்க்கக்கூட இல்லை. "டான்ஸுதான். இதுல யோசிக்க என்னங்க இருக்கு? நம்ம ஊருல போய்ப் பாக்க முடியுமா?" என்று சென்ட் அடித்துக்கொண்டார். நான் மட்டும் அந்தத் தாளைக் காலையிலிருந்து பரீட்சைப் பேப்பர் மாதிரி மடித்து மடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காரணம் குமரேசன்.

குமரேசன் என்னோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவன். ஒரே தெரு. என்னை மச்சான் என்றுதான் கூப்பிடுவான், முறையும் அதுதான். நான் கடை போட்ட புதிதில் ஒருநாள் வந்து, வைண்டிங் கம்பியை விரலில் சுற்றிக்கொண்டே நின்றான். வெகுநேரம் சுற்றினான். அப்புறம், "மச்சான், மலர எனக்குக் கேளேன். ஒங்க அப்பாகிட்ட ஒரு வார்த்த சொல்லு. நீ சொன்னா கேப்பாரு" என்றான். மலர் என் தங்கை, மலர்விழி.

நான் சொல்லவில்லை. அதுதான் விஷயம். குமரேசனுக்கு அப்போது நிலையான வேலை கிடையாது. மலருக்குக் கீரனூரிலிருந்து ஒரு வரன் வந்திருந்தது, அரசாங்க உத்தியோகம். நான் பெரிய மனுஷன் மாதிரி மனசுக்குள்ளேயே கூட்டிக் கழித்து முடிவு பண்ணிவிட்டேன். அப்பாவிடம் வாயே திறக்கவில்லை. நாலு நாள் கழித்துக் குமரேசன் வந்து நின்றபோது, "அப்பா ஒத்துக்கலடா" என்று சொன்னேன். பொய். மலர் கல்யாணத்தில் பந்தியில் ஓடியாடிப் பரிமாறினான். அடுத்த மாசம் சிங்கப்பூர் போய்விட்டான், கப்பல் பட்டறை வேலைக்கு. அப்புறம் எப்போதாவது பேசினால் "என்னடா, எப்பிடி இருக்க" என்பான். மச்சான் என்பது நின்றுபோயிற்று.

அதற்கப்புறம் அப்பா இறக்கிறவரைக்கும் குமரேசன் அவர் முகத்தைச் சரியாகப் பார்த்துப் பேசினதில்லை. பாவம், அவருக்கு அது ஏனென்றே தெரியாமல் போய்ச் சேர்ந்தார். அது என்னை அரித்துக்கொண்டே இருந்தது. டூர் என்று தெரிந்ததும் முதலில் குமரேசனுக்குத்தான் போன் பண்ணினேன். "கடைசி நாள் சாயங்காலம் ஃப்ரீடா. எதாவது ஆட்டம் பாட்டம் பாப்பமா?" அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீயே எதுன்னு பாத்துச் சொல்லு. ஷிப்டு முடிச்சுட்டு வாரேன். வரும்போது கட்டுமாவடி நெத்திலிக் கருவாடு கொண்டா" என்றான். கருவாடு கேட்கிறவன் கோபமாக இருக்க மாட்டான் என்று எனக்கு ஒரு நம்பிக்கை.

இப்போது சொல்லுங்கள், அந்த நாலில் எதைத் தேர்ந்தெடுப்பது? நேருக்கு நேர் உட்கார்ந்து, "டேய், நான் கேக்கவே இல்லடா" என்று சொல்லும் தைரியம் எனக்குக் கிடையாது. பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு பேரும் மேடையைப் பார்த்துக்கொண்டே இருந்தால் சொல்லிவிடலாம். அந்தக் கணக்கில்தான் தாளைப் படித்தேன். வாத்தியக் கச்சேரியில் தும்மினாலே திரும்பிப் பார்ப்பார்கள், பேச முடியாது. மெல்லிசைக்குப் போனால் முன்னாலும் பின்னாலும் நம்ம ஆட்கள், காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்கள். டான்ஸுக்குக் கறம்பக்குடிக்காரர் வருகிறார். வித்தை காட்டுகிறவன் அந்தரத்தில் தொங்கும்போது மன்னிப்புக் கேட்டால் யார் காதில் விழும்? குமரேசன் ஷிப்டு முடித்து எப்போது வருவானோ, டிக்கெட் எடுத்துவிட்டு வாசலில் காத்து நிற்கிற வேலையும் ஆகாது.

ஹோட்டலுக்கு இரண்டு தெரு தள்ளி, அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவே ஒரு மைதானம். அதில் மேடை போட்டுக்கொண்டிருந்ததைப் பஸ்ஸிலிருந்து பார்த்திருந்தேன். சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள், சீரியல் விளக்கு, ஆளுயர ஊதுவத்திகள். சீனர்களுக்கு அது ஏதோ திருவிழா மாசமாம். டிக்கெட் கிடையாது, யாரும் வரலாம் என்று கைடு சொன்னான். நம்ம ஊர் ஸ்பீக்கர் தோற்றுப்போகும் சத்தம். காதோடு காதாகப் பேசலாம், பாஷை புரியாததால் பாட்டில் மனசு போகாது. இதுதான் என்று முடிவு பண்ணி குமரேசனுக்குச் சொன்னேன். "கூட்டத்துல எப்பிடிக் கண்டுபுடிக்க?" என்றான். "நம்ம ஊரு மஞ்சப்பை வச்சிருப்பேன். அதப் பாத்து வா" என்றேன்.

மஞ்சப்பை உங்களுக்குத் தெரியாததா! கல்யாணத்துக்குப் போனால் தேங்காய், வெற்றிலை பாக்குப் போட்டுக் கொடுக்கிற துணிப்பை. எந்த வீட்டிலும் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் பத்து இருபது தொங்கும். கருவாட்டை நாலு பாலிதீனில் சுற்றி, அதில் ஒன்றில் போட்டுக் கட்டிக் கொடுத்திருந்தாள் என் மனைவி. நாலு சுற்றுக்கும் அடங்காமல் அது ஹோட்டல் வராண்டா வரைக்கும் மணத்தது. லிப்டில் என்னோடு ஏறின ஒரு அம்மாள் அடுத்த மாடியிலேயே இறங்கிக்கொண்டாள்.

ஏழு மணிக்கெல்லாம் போய்விட்டேன். ஊதுவத்திப் புகை, எண்ணெயில் எதையோ பொரிக்கிற வாசனை. கூட்டம் நிறைந்திருந்தது, ஆனால் முதல் வரிசை மொத்தமும் காலி. நமக்கு விடுவதற்கு மனசு வருமா? திருவிழா நாடகத்துக்கு முதல் ஆளாய்ப் போய்த் துண்டைப் போட்டு இடம் பிடித்து வளர்ந்த ஆள். நட்டநடுவில் உட்கார்ந்து, பக்கத்து நாற்காலியில் பையை வைத்தேன். குமரேசனுக்கு இடம்.

சுற்றிலும் சலசலப்பு. யாரோ தோளைத் தட்டினார்கள். திரும்பினால் ஒரு தமிழ்ப் பெரியவர், அந்தக் குடியிருப்பில் இருப்பவர் போல, அரைக்கால் சட்டையோடு நின்றார்.

"தம்பி, எந்திரிங்க. அது ஆளுங்களுக்கு இல்ல."

"வி.ஐ.பி.யா?"

"செத்துப்போனவங்களுக்கு. இந்த மாசம் அவங்கல்லாம் வருவாங்கன்னு இவங்களுக்கு ஒரு ஐதீகம். பாட்டே அவங்களுக்குத்தான். நம்மல்லாம் பின்னாடி உக்காந்து சும்மா பாத்துக்கிறது."

எனக்குச் சுருக்கென்றது. நாம் ஆடி அமாவாசைக்கு இலை போடுவதில்லையா, அவர்கள் நாற்காலி போடுகிறார்கள். மன்னிப்புக் கேட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு இரண்டாவது வரிசைக்கு வந்தேன். பக்கத்து நாற்காலியில் மறுபடி பையை வைத்தேன். குமரேசன் கண்ணில் தூரத்திலிருந்தே படட்டும் என்று, தமிழ் எழுத்துத் தெரிகிற மாதிரி நன்றாக நிமிர்த்தி, நீவிவிட்டு வைத்தேன்.

பளபள உடுப்பில் ஒரு பெண் வந்து பாடினாள். அவள் கும்பிட்டதும் சிரித்ததும் எல்லாம் அந்தக் காலி வரிசையைப் பார்த்துத்தான். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. சுற்றிலும் குடும்பம் குடும்பமாகச் சிரிக்கிறார்கள், தின்கிறார்கள், பிள்ளையை மடி மாற்றுகிறார்கள். நான் ஒரு கருவாட்டுப் பையோடு உட்கார்ந்திருக்கிறேன். சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். 'அப்பா மேல தப்பு இல்லடா. நாந்தான்.' இருபது தடவையாவது சொல்லியிருப்பேன். அத்தனை பெரிய கூட்டத்தில் அப்படி ஒரு தனிமையை நான் அதுவரை அறிந்ததில்லை.

எட்டேகாலுக்குப் போன் வந்தது.

"எங்கள ஏத்திட்டு வர்ற லாரி வரல மச்சான். ஓவர்டைம் போட்டுட்டான். நீ பாத்துட்டுப் போ."

மச்சான் என்றான். அத்தனை வருஷம் கழித்து! அவன் பக்கமும் அதே சீனப் பாட்டு இரைந்தது. என் பக்கத்துச் சத்தமே போனில் திரும்பி வருகிறது என்று நினைத்துக்கொண்டேன். "குமரேசா, ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும்டா" என்றேன். "ஊருக்கு வரும்போது பேசிக்கலாம்" என்று வைத்துவிட்டான். பெரியவரிடம் கருவாட்டைக் கொடுத்தேன். அவர் முகர்ந்து பார்த்துவிட்டுக் குழந்தை மாதிரி சிரித்தார். "பை வச்சுக்குங்க தம்பி, ஊருப் பை" என்று உதறித் திருப்பிக் கொடுத்தார்.

அப்புறம் குமரேசன் மூன்று தடவை லீவில் வந்தான். அவனுக்குக் கல்யாணம் ஆயிற்று, பிள்ளைகள் ஆயிற்று. வரும்போதெல்லாம் எனக்குத் தைலமும் டார்ச் லைட்டும் கொண்டுவந்து கடையில் வைத்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டுப் போவான். நானும் சொல்லலாம் சொல்லலாம் என்றே இருந்தேன். மச்சான் என்றுவிட்டானே, மன்னித்துவிட்டான் போல, எதற்குக் கிளறுவானேன் என்று ஒரு சாக்கு. சோம்பேறிக்கு ஒரு சாக்குக் கிடைத்தால் போதாதா?

போன தை மாசம் அவன் பெட்டியில் வந்தான். அங்கேயே நெஞ்சுவலி. திருச்சி ஏர்போர்ட்டில் பெட்டியோடு இறங்கியவர் சேகர், அவனோடு ஒரே அறையில் இருந்த கட்டுமாவடிக்காரர். எல்லாம் முடிந்து, குளித்துவிட்டு ஈரத் தலையோடு டீக்கடையில் நின்றபோது சேகர் என்னை உற்றுப் பார்த்தார்.

"அண்ணே, நீங்கதானே ஒரு தடவ டூரு வந்தீங்க? மேடை பக்கத்துல மஞ்சப்பையோட உக்காந்திருந்தீங்க?"

"ஆமா. ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"நாங்க ரெண்டு பேரும் வந்தமே! ஒங்களுக்கு அங்கிட்டு, ஓரமாத்தான் நின்னோம். குளிச்சு, புதுச் சட்ட போட்டுக்கிட்டு வந்தாரு. ஒங்களப் பாத்துட்டுக் கிட்டக்க போனாரு. நாலு சேரு தள்ளி அப்புடியே நின்னுட்டாரு. பையவே பாத்தாரு. அப்பறம் திரும்பி வந்து, 'வாடா போவோம்'னாரு. அங்கன நின்னுதான் ஒங்களுக்குப் போனு பண்ணுனாரு."

நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

"பையில எதோ கல்யாணப் பேரு போட்ருந்துச்சு. செந்தில்நாதன், மலர்விழின்னு. யாருண்ணே அது?"

"என் தங்கச்சி" என்றேன்.

வீட்டுக்கு வந்து தேடினேன். அந்தப் பை கடையில்தான் கிடந்தது, ஃப்யூஸ் கட்டைகள் போட்டுவைக்க. எழுத்து மங்கிப் பாதி தெரிந்தது. மனைவி கைக்கு அகப்பட்டதை எடுத்தாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. நீவி நீவி அவன் கண்ணுக்கு நேரே நிறுத்தி வைத்தவன் நான். பெருமைக்குக் கொண்டுவந்து குத்திக்காட்டுகிறேன் என்று நினைத்திருப்பானா? அப்படி நினைத்திருந்தால் மச்சான் என்று ஏன் கூப்பிட்டான்? கேட்க ஆள் இல்லை. மலரிடம் அவன் இறந்ததைப் போனில் சொன்னபோது, "ஒன்னோட படிச்சாகளே, அவுகளா?" என்றாள். அப்புறம், "பாவம். சாப்பிட்டியாண்ணே?" என்று கேட்டாள்.

மகளுக்கு இதெல்லாம் எழுத முடியுமா? ஹோட்டல் பெயரைச் சொல்லி, இரண்டு தெரு தள்ளி ஒரு மைதானம் இருக்கும், இந்த மாசம் மேடை போட்டிருப்பார்கள், டிக்கெட் இல்லை, போய்ப் பார், முதல் வரிசையில் மட்டும் உட்காராதே என்று அனுப்பினேன். இன்று சாயங்காலம் பதில் வந்தது. "அப்பா, அங்க மைதானமே இல்ல. பெரிய பில்டிங் கட்டிட்டாங்க. நாங்க பாட்டுக் கச்சேரிக்கே போறோம்." கூடவே ஒரு படம். கண்ணாடிச் சுவர், வாசலில் காவலாளி.

படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேடை எந்தப் பக்கம் இருந்தது என்றுகூடக் கண்டுபிடிக்க முடியவில்லை. குமரேசன் இப்போது முதல் வரிசைக்காரன். எங்கே மேடை போட்டாலும் அவனுக்கு நாற்காலி உண்டு, அவனை யாரும் எழுப்பிவிட மாட்டார்கள். அந்த மைதானம் இருந்திருந்தால் ஒரு விமான டிக்கெட் எடுத்துப் போய், இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து, அவன் முதுகுக்குப் பின்னாலிருந்தாவது சொல்லியிருப்பேன். நான் கேக்கவே இல்லடா, மச்சான்.