நூறு ரூபாய் நோட்டில் இருந்த ஒன்பது

என் வீட்டுக்காரர் லாரி டிரைவர். மகாராஷ்டிரா லைனுக்குப் போன இடத்தில் வண்டி கவிழ்ந்துவிட்டது என்று, கூடப் போன மாற்று டிரைவர் காலையில் கூப்பிட்டுச் சொன்னார்.

"ஆஸ்பத்திரி நம்பரைப் போட்டோ எடுத்து அனுப்பறனுங்கக்கா. ஒடனே அதுல கூப்பிடுங்க. ஆபரேசனுக்குள்ள போறதுக்கு முன்ன உங்ககிட்டப் பேசோணும்ங்கறாரு."

போட்டோ வந்தது. அதோடு மாற்று டிரைவர் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. என் வீட்டுக்காரர் போனோ வண்டியோடு நொறுங்கிக் கிடந்தது. என் நம்பர் அங்கே இரண்டு பேருக்குமே மனப்பாடம் இல்லை. இந்தக் காலத்தில் யார் நம்பர் யாருக்கு மனப்பாடம்?

துண்டுச் சீட்டில் வார்டு ஆள் பேனாவால் எழுதிய தன் செல் நம்பர் அது. ஒன்பதும் மூன்றும் இரண்டும் பூஜ்யமுமாக இருந்தது, முடிவில் இரண்டு ஒன்பது. கையெழுத்துதான் கோணல் என்று நினைத்தேன். கூப்பிட்டால் எவனோ இந்தியில் திட்டினான். கொழுந்தனாரிடம் கொடுத்தேன். அவரும் அப்படியேதான் படித்தார்.

"நம்பர் செரியாத்தானுங்க அண்ணி இருக்குது. லைன்தான் மாறிப் போகுது," என்றார்.

மறுபடி மறுபடி அடித்தோம். கடைசியில் அந்த ஆள் எடுப்பதையே விட்டுவிட்டான். பைத்தியம் பிடித்தவள் மாதிரி வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தேன். குலதெய்வத்தைக் கூப்பிட்டேன். பிறகு அதையும் திட்டினேன்.

நேரிலேயே போய்விடுவோம் என்று கொழுந்தனார் கார் பிடிக்கப் போனார். வழிச்செலவுக்குப் பணத்தைப் பையில் திணிக்கும்போது, மேலே இருந்த நூறு ரூபாய் நோட்டில் ஓர் ஓரமாகத் தொள்ளாயிரம் என்று போட்டிருந்தது. அது இந்தியில் எழுதிய நூறு. அவர்கள் ஒன்று நம் ஒன்பது மாதிரி இருக்கிறது. மகாராஷ்டிராவிலும் அதையேதான் எழுதுவார்கள் போல. போனில் அந்தச் சீட்டைப் பார்த்தேன். முதல் ஒன்பது வேறு மாதிரி வளைந்திருந்தது. கடைசி இரண்டும் நோட்டில் இருந்த ஒன்றேதான். எத்தனை நோட்டை இந்தக் கையால் வாங்கிக் கொடுத்திருப்பேன், ஒரு நாளாவது உற்றுப் பார்த்திருக்கிறேனா?

கடைசியில் இரண்டு ஒன்றைப் போட்டு அடித்தேன். மாற்று டிரைவரே எடுத்தார்.

"இப்பத்தானுங்கக்கா உள்ள கொண்டு போனாங்க. அது வரைக்கும் இந்த போனைக் கையிலயே வெச்சிருந்தாருங்க. அவ கூப்பிட்டாளா, கூப்பிட்டாளான்னு கேட்டுட்டே இருந்தாருங்க."

அவர் உயிரோடு வெளியே வரவில்லை.

விதி என்கிறார்கள், என்னவோ சொல்கிறார்கள். சொல்லட்டும். நான் காலையிலிருந்து கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்தேன். கூப்பிடவே இல்லை என்று நினைத்துக்கொண்டு போயிருப்பார். அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.