திருஷ்டிக்கு மாட்டிய படம்

எங்கள் அம்மாவை வேங்கிக்காலில் ஒன்பது நாள் திருஷ்டி பொம்மையாகத் தொங்கவிட்டிருந்தோம் என்று சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும். கட்டுவதற்குக் கயிறு எடுத்துக் கொடுத்தவளே நான்தான்.

அப்போது நான் நாலாவது படித்துக்கொண்டிருந்தேன். செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பக்கத்துத் தெருவில் வாடகைக்கு இருந்தோம். மாடி அறையில் வெளிநாட்டுக்காரர்கள் வருவதும் போவதுமாக இருப்பார்கள். அந்த வருஷம் வந்தவர் ஸ்பெயின் நாட்டு அம்மாள், ஓவியர். எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் மலையை வரைவார்கள், சாமியாரை வரைவார்கள். இவரோ எங்கள் அம்மாவை வரையவேண்டும் என்று கேட்டார். அம்மா இரண்டு நாள் வெட்கப்பட்டுவிட்டு, மூன்றாம் நாள் கல்யாணப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு மாடிக்குப் போனாள்.

மொத்தம் ஆறு மத்தியானம். இவளுக்கு அவர் பாஷை தெரியாது, அவருக்கு இவள் பாஷையில் ‘சாப்டாச்சா’வுக்கு மேல் தெரியாது. ஆனாலும் மாடியிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அம்மாவுக்குச் சிநேகிதி என்று அதுவரை யாரும் இருந்ததில்லை. அந்த ஆறு நாளும் அவள் என்னை ஒருமுறைகூடத் திட்டவில்லை. அந்த ஸ்பெயினம்மா எங்கள் வீட்டிலேயே இருந்துவிடக் கூடாதா என்று எனக்கு ஆசையாக இருந்தது.

ஏழாம் நாள் படம் கீழே வந்தது. ஐயோ! ஒரு கண் நேராக எங்களைப் பார்த்தது. இன்னொன்று கன்னத்துக்கு இறங்கி, வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தது. மூக்கு பக்கவாட்டில், வாய் நேரில், கழுத்து பச்சையில். பட்டுப்புடவை உடைந்த வளையல் துண்டுகள் மாதிரி கிடந்தது. நான் களுக்கென்று சிரித்துவிட்டேன். அப்பா நாகரிகம் தெரிந்தவர். ‘வெரி நைஸ், வெரி நைஸ்’ என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அம்மா ஒன்றும் பேசவில்லை.

ஸ்பெயினம்மா மாடியேறியதும் அப்பா படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார். “பாவம் அம்மா, மனசு ஒடஞ்சி போயிருப்பா. இதப்பத்தி அவ எதிர்ல யாரும் பேசாதீங்க” என்று எங்களை எச்சரித்தார்.

என் மாமா, அம்மாவின் தம்பி, வெளிநாட்டுக்காரர்களுக்கு ஆட்டோ ஓட்டுகிறவர். உலக விஷயம் அத்தனையும் அவருக்கு அரைகுறையாகத் தெரியும். எச்சரிக்கையை மீறி அவர் ஆறுதல் சொன்னார். “கோச்சுக்காதக்கா. அவங்க ஊர்ல ஒரு பெரிய பெயிண்டர் இப்டி ஆரம்பிச்சி வெச்சிட்டாராம். இப்ப உலகம் பூரா இப்டித்தான் வரையறாங்களாம்.” படம் பரணுக்குப் போனது. ஸ்பெயினம்மாவும் மறுநாள் பாண்டிச்சேரி பார்க்கக் கிளம்பிப் போனார்.

அந்தச் சமயத்தில்தான் வேங்கிக்காலில் எங்கள் சொந்த வீடு எழும்பிக்கொண்டிருந்தது. சுவர் முடிந்து தளம் போடவேண்டிய கட்டம். ஒருநாள் மேஸ்திரி, “ரோட்டு மேல வூடு, ஜாஸ்தி கண்ணு படும் சார். பொம்ம ஒண்ணு கட்டுங்க” என்றார். கடையில் விற்கும் பல் நீட்டிய மூஞ்சியை வாங்கி வரக் கிளம்பிய அப்பா, வாசலில் செருப்பைப் போட்டவர் போட்டபடியே நின்று பரணைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் கயிறு எடுக்க ஓடினேன்.

படம் நன்றாகவே வேலை செய்தது. போகிற வருகிற வண்டியெல்லாம் நின்று பார்த்தன. ஒருத்தர் கண்ணும் வீட்டின் மேல் போகவில்லை. பக்கத்து மனைக்காரர் வந்து, “இந்த மாதிரி எங்க சார் கெடைக்குது?” என்று விசாரித்துவிட்டுப் போனார். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

தளம் போடுகிற நாள் வந்தது. கலவை இயந்திரம் ஓட, அம்மா எல்லோருக்கும் டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். மாமாவின் ஆட்டோ வந்து நின்றது. பின் சீட்டிலிருந்து, கையில் பூப்பொட்டலத்தோடு ஸ்பெயினம்மா இறங்கினார். பாண்டிச்சேரியிலிருந்து திரும்பியவரை, புது வீடு பார்க்கலாம் வாங்க என்று மாமா கூட்டி வந்துவிட்டார். படம் அங்கே தொங்குவது அந்த மனுஷனுக்கு நினைவே இல்லை. ஸ்பெயினம்மா கோபித்துக்கொண்டு அறையைக் காலி பண்ணிவிட்டால் அம்மாவின் சிரிப்பும் கூடவே போய்விடுமே!

அவர் அண்ணாந்து பார்த்தார். படத்துக்குப் பக்கத்தில் படிகாரம், கற்றாழை, ஒரு பழைய செருப்பு. எதற்கு என்று கேட்டார். மாமா திக்கித்திணறி, கெட்ட கண்ணை விரட்டுவதற்கு என்று இங்கிலீஷில் சொல்லி முடித்தார். ஸ்பெயினம்மா படத்தையும் செருப்பையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வரும்வரைக்கும் சிரித்தார். சிரிப்பின் நடுவே நீளமாக என்னவோ சொன்னார்.

“மாமா, வெஷயம் தெரியுமா?” என்று எங்கள் அப்பாவைப் பார்த்துக் கத்தினார் மாமா. “அந்தப் பெரிய பெயிண்டரே ஆப்பிரிக்கா பக்கத்து முகமூடிங்களப் பாத்துட்டுத்தான் இந்த மாதிரி மூஞ்சி போட்டாராம். பேய் பிசாசு அண்டக்கூடாதுனு செஞ்ச முகமூடிங்களாம் அது. உலகத்தயே சுத்திட்டு, இப்பதான் அந்த மூஞ்சி அதோட சொந்த வேலைக்கு வந்திருக்குதாம்!”

அப்பாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “அப்ப சரியான எடத்துலதான் மாட்டியிருக்கோம்!” என்றார். மேஸ்திரியும் சிரித்தார். அப்போதுதான் அம்மா டீ கேனைக் கீழே வைத்தாள்.

“எறக்குங்க அத” என்றாள்.

படத்தைப் பற்றி அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான். சாரத்தில் ஏறி அப்பாவே அவிழ்த்துக் கொடுத்தார். அம்மா முந்தானையால் சிமெண்ட் தூசியைத் துடைத்தாள். ஸ்பெயினம்மா பொட்டலத்தைப் பிரித்து, பூவை அம்மாவின் தலையில் கோணலாக வைத்துவிட்டார். இரண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு அப்பாடா என்று இருந்தது.

அன்று சாயங்காலம் சமையலறையில் அரிசி டிரம்மின் மேல் படத்தைச் சாய்த்து வைத்துவிட்டு அம்மா என்னைக் கூப்பிட்டாள். “இந்தக் கண்ணு உங்களயெல்லாம் பாக்குது. இது வெளிய எங்கியோ பாக்குது. வாயி, பேசலாமா வேணாமானு யோசிக்குது” என்று விரலால் காட்டினாள். பிறகு கொஞ்சம் தயங்கி, “என்ன மாதிரியே இருக்குதுல்ல?” என்று கேட்டாள்.

பாவம், இன்னும் மனசு ஆறவில்லை என்று நினைத்தேன். ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு, “கொஞ்சங்கூட இல்லம்மா! நீ எவ்ளோ அழகு!” என்றேன்.

அம்மா என் தலையைத் தடவிவிட்டு அரிசி களையப் போனாள். அம்மாவைத் தேற்றிவிட்ட சந்தோஷத்தில் நான் விளையாடப் போனேன். அவள் கேட்க விரும்பியது ‘ஆமாம்’ என்ற ஒரு வார்த்தையைத்தான் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.