தெருவில் இரண்டு ஆறாம் கம்பம்

தையல்காரிக்கு டேப் எடுப்பதெல்லாம் வாடிக்கையாளரின் திருப்திக்காகத்தான். ஆள் படியேறி வரும்போதே தோள், இடுப்பு, கை நீளம் எல்லாம் கண்ணில் விழுந்துவிடும். இருபது வருடத் தையலில் அவள் கண்ணளவு பிசகியதில்லை. அந்தக் கண்தான் ஒன்பது நாளாக வீட்டில் சண்டையை இழுத்து வைத்திருந்தது.

மொட்டை மாடிக்கு மேலே போகும் மின்கம்பி தொய்ந்துகொண்டே வந்தது. ஒரு வாரத்தில் ஒரு முழம் இறங்கிவிட்டது. கீழே துணி காயப்போடும் கொடியோ இரும்புக் கம்பி. போதாததற்கு, ஈரப் போர்வையை இரண்டு கையாலும் ஓங்கி உதறினால்தான் மாமியாருக்குத் துவைத்த திருப்தி. தையல்காரி மாடிக் கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டாள்.

மின்சார அலுவலகத்துக்குப் போன் செய்து, கம்பத்தில் எழுதியிருந்த ஆறாம் நம்பரைச் சொன்னாள். மறுநாள் ‘பழுது இல்லை’ என்று பதில் வந்தது. மறுபடி செய்தாள். மறுபடியும் அதே பதில். மாமியாருக்குக் கேட்க வேண்டுமா!

“ஆபீஸ்காரனே நல்லா இருக்குங்கிறான். இவ பெரிய இன்ஜினியரு, கண்டுபிடிச்சிட்டா!”

இதையும் சுவரைப் பார்த்துத்தான் சொன்னார். மருமகளிடம் நேரே பேசி நாலு நாள் ஆகியிருந்தது. ஈரத் துணியெல்லாம் மெஷினுக்கு மேலே தொங்கி, தைக்கக் கொடுத்த துணிகளில் சொட்டியது. தன் கண்ணில்தான் கோளாறோ என்று அவளுக்கே பயம் வந்துவிட்டது.

ஒன்பதாம் நாள் காலை மாமியார் சுவரிடம் அறிவித்தார்: “பூட்டுக்காரன்கிட்ட சொல்லியாச்சு. பன்னெண்டு மணிக்கு வந்து உடைப்பான்.”

அவள் பாதித் தையலோடு மெஷினை விட்டுவிட்டு அலுவலகத்துக்கு ஓடினாள்.

“நானே ரெண்டு தடவை வந்து பாத்தேம்மா. கம்பி விறைப்பா நிக்குது,” என்றார் லைன்மேன்.

“கம்பத்துக்குப் பக்கத்துல என்ன இருந்துச்சு?”

“சைக்கிள் கடை.”

“எங்க வீட்டுப் பக்கத்துல சைக்கிள் கடை ஏதுங்க? மரக்கடைதான இருக்கு!”

லைன்மேனின் முகம் வெளுத்துவிட்டது. போன மாதம் நம்பர் எழுத வந்த இரண்டு பெயிண்டர்கள், ஆளுக்கொரு முனையிலிருந்து ஒன்று, இரண்டு என்று எழுதிக்கொண்டே வந்திருக்கிறார்கள். நடுத்தெருவில் சந்தித்ததும் வேலை முடிந்தது என்று டீ குடிக்கப் போய்விட்டார்கள், புண்ணியவான்கள். தெருவில் எல்லா நம்பரும் இரண்டிரண்டு.

அவளும் லைன்மேனும் வீடு வந்து சேர்ந்தபோது பூட்டுக்காரர் சுத்தியலை ஓங்கியிருந்தார்.

“கையை எடுங்க! யாரும் மேல போகக்கூடாது!”

லைன்மேன் போட்ட சத்தத்தில் மாமியார்கூடச் சுவரை விட்டுத் திரும்பினார்.

மின்சாரத்தை நிறுத்தச் சொல்லி, டெஸ்டரால் சோதித்து, கம்பியைத் தரையோடு இணைத்து எர்த் செய்த பிறகுதான் லைன்மேன் சாவியைக் கேட்டார். மாடித் தளத்திலிருந்து மின்கம்பி வரை டேப்பை இழுத்தவர், கதவருகே நின்றவளைப் பார்த்தார்.

“எவ்வளவு இருக்கும்னு நினைக்கிறீங்க?”

“ஆறடி நாலு அங்குலம்.”

அவர் டேப்பைப் பார்த்தார். சரியாக ஆறடி நாலு. ஒன்பது நாளாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்க, அவள் அப்படியே படியில் உட்கார்ந்து அழுதாள். பூட்டுக்காரர் சத்தமில்லாமல் நழுவினார்.

கம்பத்தில் குறுக்குச் சட்டத்தின் போல்ட் ஒன்று கழன்றே போயிருந்தது, இன்னொன்று நுனியில் தொங்கிக்கொண்டிருந்தது. புது போல்ட் முடுக்கி, கம்பியை இழுத்துக் கட்டி இறங்க மூன்று மணியாகிவிட்டது.

“தப்பு என்மேலதாங்க. ஒரு தடவையாவது வீட்டுக்குள்ள வந்து கேட்டிருக்கணும்,” என்றார் லைன்மேன்.

“என்கிட்ட வேணாங்க. அவங்ககிட்ட சொல்லுங்க.”

அவர் மாமியாரிடம் போனார். “அம்மா, இவங்க மட்டும் பூட்டி வைக்கலேன்னா…”

மாமியார் உள்ளே போய் ஈரப் போர்வையை வாளியில் அள்ளிக்கொண்டு மாடியேறினார். கொடிக்கு அருகே போனவர் நின்று, அண்ணாந்து பார்த்து, திரும்பினார்.

“இப்ப கம்பிக்கு எட்டாதில்ல? நீ பாத்துச் சொல்லு.”

அவள் பார்த்தாள்.

“எட்டாது அத்தை. நல்லா உதறுங்க.”